இரண்டு மணிக் கட்டம்

எங்கள் கோயிலில் வருஷத்துக்கு இரண்டு தடவை சங்கிலி ஜெபம் நடக்கும். லெந்து நாட்களில் ஒன்று, ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முன்னால் ஒன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கினால் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு வரை, 24 மணி நேரமும் யாராவது ஒருவர் உள்ளே முழங்காலில் இருக்க வேண்டும். ஒருவர் எழுந்திருக்கும்போது அடுத்தவர் வந்து நிற்க வேண்டும். சங்கிலி அறுந்துவிடக் கூடாது. இதற்காகக் கோயில் வாசலில் ஒரு சார்ட் ஒட்டுவார்கள். ஸ்கெட்ச் பேனாவால் 24 கட்டம், கட்டத்துக்கு ஒரு மணி நேரம்.

அந்தச் சார்ட் நிரம்புகிற விதத்தைப் பார்த்தாலே ஒரு சபையைப் புரிந்துகொள்ளலாம். சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள கட்டங்கள் ஞாயிறு ஆராதனை முடிந்த பத்தே நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதிகாலை நாலையும் ஐந்தையும் பக்திக்குப் பேர்போனவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பகல் முழுக்கப் பெண்கள் ஐக்கிய சங்கம். வாலிபர்கள் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று சேர்ந்தாற்போல எழுதிவிட்டு, மூன்று பேராக வந்து, நடுவில் பரோட்டாவும் வாங்கித் தின்பார்கள். பசிக்கிற வயசு, குற்றம் சொல்ல முடியாது. கடைசிவரை காலியாகக் கிடப்பது இரவு இரண்டு முதல் மூன்று.

ஒரு வருஷம் எங்கள் சபைக் குருவானவர் சார்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, ரிட்டயர்டு ஆயிட்டா ராத்திரி தூக்கம் சரியா வராதுன்னு சொல்லுவாங்க." நான் பேனாவை வாங்கி எழுதிவிட்டேன். தியாகமெல்லாம் இல்லை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேனாவை நீட்டினால் யார்தான் மறுப்பார்கள்?

ஒன்றே முக்காலுக்குக் கிளம்பினேன். தெருநாய்கள் இரண்டு கோயில் கேட் வரை கூடவே வந்தன. எனக்கு முந்தின கட்டத்துப் பையன், எஞ்சினியரிங் மூன்றாம் வருஷம், கண் சிவந்து வெளியே வந்தான். அழுதிருந்தானா, தூக்கமா, தெரியவில்லை. சாவியையும் ஜெபக் குறிப்பு நோட்டையும் கையில் தந்து, "தாத்தா, அந்த ஃபேன் சத்தம் போடும், ஆஃப் பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பீடத்துக்கு மேலே ஒரு விளக்கு. முன்பெஞ்சுக்கு மேலே ஒரு டியூப்லைட். மற்ற இடமெல்லாம் இருட்டு.

முழங்காலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே, இந்த நல்ல இரவு வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். எங்களை இம்மட்டும் பாதுகாத்து, இந்த ஜெபச் சங்கிலியிலே எங்களையும் ஒரு கண்ணியாக இணைத்த உம்முடைய மேலான கிருபைக்காக..."

குரல் ஏறியது, இறங்கியது, 'கிருபைக்காக' என்ற இடத்தில் லேசாக நடுங்கியது. அந்த நடுக்கம் நாற்பது வருஷப் பழக்கம். வீட்டு ஜெபக்கூட்டங்களில் சரியாக அந்த இடத்தில்தான் பெண்கள் பக்கமிருந்து "ஆமென்" வரும். அன்றைக்கு வரவில்லை. கூரையிலிருந்து ஒரு வவ்வால் மட்டும் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திரும்பப் போய்த் தொங்கியது.

நிறுத்திவிட்டேன். 'எங்களை, எங்களை' என்கிறேனே, யாரை? உள்ளே இருந்தது நானும் வவ்வாலும்தான்.

எங்கள் பக்கத்தில் ஒருவரை "நல்லா ஜெபிப்பாரு" என்று சொன்னால் அது பெரிய பட்டம். கல்யாணப் பேச்சு, வீட்டுப் பிரதிஷ்டை, பிள்ளை காலேஜுக்குப் புறப்படுவது, அடக்கம், எதுவானாலும் "அண்ணாச்சி ஒரு வார்த்தை ஜெபிங்க" என்பார்கள். அந்தப் பட்டம் எனக்கும் உண்டு. எங்கே நீட்ட வேண்டும், எங்கே அழுத்த வேண்டும், எந்த வசனத்தை எங்கே செருக வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்னைவிடத் தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். மைக்கைக் கொடுத்தால் ஜெபத்துக்குள்ளேயே அறிவிப்பு வாசித்துவிடுவார்கள். "ஆண்டவரே, வருகிற பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு நடக்க இருக்கிற வாலிபர் கூடுகையிலே, மதிய உணவு உண்டு என்பதையும்..." ஆண்டவருக்கா தேதி தெரியாது?

யாரிடம் பேசுகிறோம் என்பதைத் தமிழ் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். நமக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவரை எதிரே வைத்துப் பேசினால் நாங்கள். ஆண்டவரைப் பார்த்துப் பேசுகிறவன் 'எங்களை மன்னியும்' என்றுதான் சொல்ல முடியும். 'நம்மை மன்னியும்' என்றால் மன்னிப்புத் தேவைப்படுகிறவர்கள் பட்டியலில் அவரும் சேர்ந்துவிடுவார். ஆனால் கூட்டங்களில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். ஜெபம் சூடு பிடித்த ஐந்தாவது நிமிஷத்தில், "ஆண்டவரே, நாம் எல்லோரும் எவ்வளவு தூரம் வழிவிலகிப் போயிருக்கிறோம்..." என்று வரும். அந்த 'நாம்' விழுகிற இடத்தில், கண் மூடியிருந்தாலும் பேச்சு பெஞ்சுகளின் பக்கம் திரும்பிவிட்டது என்று அர்த்தம். இங்கிலீஷில் ஜெபிக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. அவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

எனக்கு 'நாம்' தவறாது. அதில் நான் உஷார். ஆனால் ஆளே இல்லாத கோயிலில் 'எங்களை' என்று நின்ற அந்த இரவில், என் இலக்கணம் சரியாக இருந்ததே தவிர, நான் பேசிக்கொண்டிருந்தது காலிப் பெஞ்சுகளிடம்தான் என்று புரிந்தது.

சரி, மாற்றிப் பார்ப்போம் என்று 'என்னை' என்று தொடங்கினேன். ஏழு நிமிஷம் ஓடியது. எனக்கு ஆரோக்கியம், வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி, மகன் வேலை, பேத்தி படிப்பு. தீர்ந்தது. நோட்டைத் திறந்து குறிப்புகளை வாசித்தேன். அது நாலு நிமிஷம். சுவர்க்கடிகாரத்தில் மணி இரண்டு பதினாறு. இன்னும் நாற்பத்து நாலு நிமிஷம் பாக்கி.

இப்படித் தனியாக உட்கார்ந்து கடிகாரம் பார்த்தவர்களில் நான் முதல் ஆள் இல்லை. நாலாம் நூற்றாண்டில் எகிப்து பாலைவனத்தில் தனித்தனிக் குடில்களில் ஜெபித்து வாழ்ந்த துறவிகளில் எவாகிரியுஸ் என்று ஒருவர். கான்ஸ்டாண்டினோபிளில் பேர்பெற்ற உதவிக்குருவாக இருந்தவர். அங்கே ஏற்பட்ட ஒரு சிக்கலிலிருந்து தப்பியோடி, கடைசியில் பாலைவனத்தில் 399ஆம் ஆண்டு செத்துப்போனவர். தனியே ஜெபிக்கிறவனைப் பிடிக்கும் நடுப்பகல் சலிப்பை அவரைப்போல யாரும் எழுதினதில்லை. துறவிக்குப் பொழுதே நகராது. சூரியன் எங்கே நிற்கிறது, சாப்பாட்டு வேளை வந்துவிட்டதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பான். யாராவது சகோதரர் பேச்சுத் துணைக்கு வருகிறாரா என்று வாசலைப் பார்ப்பான். இந்த இடமே சரியில்லை, வேறு இடம் போனால் நன்றாக ஜெபிக்கலாம் என்று தோன்றும். கிரேக்கத்தில் இதற்கு 'அகேதியா' என்று பெயர். துறவியைப் பிடிக்கிற பேய்களிலேயே பாரமானது இதுதான் என்று அவர் நினைத்தார். செல்போன் இல்லாத காலத்திலேயே இப்படி என்றால் என் பையில் கிடந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது தடவை மத்தியக் கிழக்கில் இருக்கிற மருமகன் ஆன்லைனில் இருந்தான். அவனுக்கு ஒரு குட்மார்னிங் அனுப்பலாமா என்றுகூடத் தோன்றியது.

அனுப்பவில்லை. போனை அணைத்தேன். அப்போதுதான் ஆச்சி ஞாபகம் வந்தது.

எங்கள் பழைய வீடு மூன்றே கட்டு. திண்ணை, பட்டாசாலை, அதற்கு உள்ளே அரங்கு வீடு. திண்ணைக்குக் கதவு கிடையாது. பட்டாசாலை ஊரார் வந்துபோகிற இடம். கதவு வைத்து, தாழ்ப்பாள் போட்டது அரங்கு வீடு ஒன்றுதான். ஜன்னல் இல்லாத இருட்டறை. நெல் போட்டு வைத்த குலுக்கை, கருப்பட்டிச் சிப்பம், புளிப்பானை, ஓலைக் கடகங்கள், ஒரு மரப்பெட்டி. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு ஆள் முழங்காலில் நிற்கிற அளவுக்கு இடம். விடியற்காலம், கோழி கூவுகிறதுக்கும் முன்னால், ஆச்சி அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எங்களுக்கெல்லாம் ஜெபம் என்றால் ராத்திரி பட்டாசாலையில் தாத்தா நடத்துகிற குடும்ப ஜெபம்தான். பாட்டு உண்டு, வேதவாசிப்பு உண்டு, தூங்கி விழுகிற பிள்ளைக்குக் குட்டும் உண்டு. ஆச்சி அதில் வாய் திறந்து ஜெபித்ததை நான் கேட்டதே இல்லை. தாத்தா முடித்ததும் "ஆமென்" மட்டும் சொல்வாள்.

மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு தனி ஜெபத்தைப் பற்றிச் சொல்லும்போது, பழைய தமிழ் வேதாகமத்தில் 'அறைவீடு' என்று ஒரு சொல் வரும். தெருச்சந்தியில் நின்று மற்றவர் பார்க்க ஜெபிக்கிற வேஷக்காரர்களைப்போல் இராமல், அறைவீட்டுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்ளச் சொல்கிறார். சின்ன வயசில் அதை நான் 'அரங்கு வீடு' என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆச்சி செய்ததை இயேசு எப்படியோ பார்த்துவிட்டுச் சொன்னார் என்பது என் கணக்கு. பிற்பாடு விவரம் தெரிந்து விசாரித்தபோது, என் பிள்ளைக் கணக்கு அவ்வளவு தப்பில்லை என்று தெரிந்தது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'தமெயொன்'. தானியமும் தட்டுமுட்டுச் சாமான்களும் போட்டு வைக்கிற உள்ளறை. கலிலேயாவின் ஏழை வீடுகளில் கதவடைக்கக்கூடிய அறை என்று ஒன்று இருந்தால் அது இதுவாகத்தான் இருந்திருக்கும். லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில் காகங்களைப் பற்றிப் பேசும்போதும் அதே கிரேக்கச் சொல்தான் வருகிறது. அங்கே நம்மவர்கள் அதைப் 'பண்டசாலை' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். ஆக, இயேசு காட்டின ஜெப அறை புளிப்பானைக்கும் நெல்லுக்கும் நடுவில் இருப்பது. பாய், மெழுகுவர்த்தி, மெல்லிசை எதுவும் அங்கே இல்லை.

ஒருநாள் கதவில் காதை வைத்துக் கேட்டேன். ஏழெட்டு வயசிருக்கும். பெரிய ரகசியம் ஏதோ உள்ளே நடப்பதாக நினைப்பு. முதலில் முணுமுணுப்புதான். பிறகு பிடிபட்டது. ஆச்சி தெருவில் நடந்துகொண்டிருந்தாள். மேலக்கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்து, வீடு வீடாக, வரிசை பிசகாமல். அந்த வீட்டுக்காரர் இருமல், அடுத்த வீட்டில் நிறைமாசம், அதற்கடுத்த வீட்டில் பனையிலிருந்து விழுந்து கிடக்கிற பையன், அதற்கப்புறம் கறவை வற்றிப்போன மாடு. பெயர் சொல்லி, காரியம் சொல்லி, ஒரு மூச்சு விட்டு அடுத்த வீடு. ராகம் இல்லை, நடுக்கம் இல்லை. ரேஷன் கடையில் சாமான் சொல்கிற மாதிரி இருந்தது.

எங்கள் எதிர்வீடு சின்னத்தாத்தா வீடு. ஒரு பனை வரிசை யாருக்குச் சேர்ந்தது என்று இரண்டு குடும்பத்துக்கும் கோர்ட்டு வரை போன வழக்கு. பேச்சு வார்த்தை கிடையாது. எங்களைப் பார்த்தால் அவர்கள் காறித் துப்புவார்கள், நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஆச்சியின் ஜெபம் அந்த வீட்டுக்கு வந்தது. சின்னத்தாத்தா பெயர், அவர் சர்க்கரை வியாதி, கால் புண். பிறகு அடுத்த வீடு.

கதவு திறந்ததும் மாட்டிக்கொண்டேன். "ஆச்சி, அவங்களுக்கு எதுக்கு ஜெபிக்கே?" என்று கேட்டேன்.

"ஏல, வரிசையில அந்த வீடு இருக்குல்லா? தாண்டிப் போவ முடியுமா?" என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

வழக்கு தீர்ந்ததா என்றால் இல்லை. தாத்தா காலத்துக்குப் பின்னும் அது நடந்தது. பனைகளே பட்டுப்போய், வழக்கு நடத்த ஆளுமில்லாமல் போனபோதுதான் முடிந்தது. சாட்சி சொல்கிற மேடைகளில் இந்தக் கதைக்கு மதிப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் சின்னத்தாத்தாவை ஒரு தடவைகூடத் திட்டாதவள் ஆச்சி ஒருத்திதான். காலையில் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்ட ஆளைச் சாயங்காலம் சபிக்க நாக்கு வராதுபோல.

அன்று ராத்திரி கோயிலில் நானும் அதைச் செய்து பார்த்தேன். தெருவில் நடந்தேன். எங்கள் இப்போதைய தெருவில் பாதி வீட்டுக்காரர்களின் பெயர் எனக்குத் தெரியவில்லை என்பது முதல் வெட்கம். அதை விட்டுவிட்டு, வேலை பார்த்த ஆபீசுக்குள் போனேன். மேஜை மேஜையாக. ஐந்தாவது மேஜையில் கால் நின்றுவிட்டது.

ஒரு இளநிலை உதவியாளர். சுறுசுறுப்பான ஆள், வாய் கொஞ்சம் நீளம். மேலதிகாரிக்கு அவரைப் பிடிக்காது. அவருடைய ரகசியக் குறிப்பு எழுத வேண்டியவன் நான். மேலே இருந்தவர் முகத்தைப் பார்த்து நாலு வரி எழுதினேன். பொய் என்று சொல்ல முடியாது, நிஜமும் இல்லை. அந்த நாலு வரியால் அவருக்குப் பதவி உயர்வு மூன்று வருஷம் தள்ளிப்போனது. இது நடந்து இருபத்தெட்டு வருஷம். இடையில் நான் எத்தனை ஜெபங்களில் 'நாங்கள் அறிந்தும் அறியாமலும் செய்த சகல பாவங்களையும்' என்று அறிக்கையிட்டிருக்கிறேன்! சகலத்துக்குள் இதுவும் அடக்கம்தானே என்று விட்டுவிட்டேன் போலிருக்கிறது. கூட்டத்தில் பாவ அறிக்கை மொத்த வியாபாரம். மூட்டையைப் பிரிக்காமலே கைமாற்றிவிடலாம். தனியே இருக்கும்போதுதான் சில்லறைக் கணக்குக்கு வர வேண்டியிருக்கிறது. பெயர், தேதி, நாலு வரி.

அந்த ஆளைத் தேடிப் போனேனா என்று கேட்பீர்கள். போனேன். மற்றது அவருக்கும் எனக்கும் உள்ளது.

மூன்று மணிக்கு அடுத்தவர் வந்து தோளைத் தொட்டபோது நான் முழங்காலில் இல்லை. எப்போதோ சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தேன். கடைசிக் கால் மணி நேரம் எதுவும் பேசின ஞாபகம் இல்லை. குளித்தலைக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில், தண்ணீர்ப்பள்ளியில், 1950இல் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கின சாந்திவனம் என்ற ஆசிரமம் இருக்கிறது. ஒரு தடவை போயிருந்தேன். விடியும்போதும் அடையும்போதும் ஆளுக்கொரு மூலையில் பேசாமல் உட்காருகிறார்கள். ஜெபம் என்றால் சத்தம் என்று வளர்ந்த எனக்கு, யாராவது ஒரு பாட்டாவது எடுக்க மாட்டார்களா என்றுதான் இருந்தது. தாயுமானவர் வாழ்ந்த திருச்சி அங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. சும்மா இருப்பதற்காக அவர் அவ்வளவு ஏங்கியிருக்கிறார், எங்கள் சிஎஸ்ஐ முழங்காலுக்கு அது வரவே மாட்டேன் என்கிறது. அந்த இரவின் கால் மணி நேரம்தான் என் ஆயுளில் அதற்குப் பக்கத்தில் வந்தது. அதுவும் களைப்பினால்.

அந்த இரவுக்குப் பிறகு, இயேசுவின் தனி ஜெபங்களைத் தேடி சுவிசேஷங்களை மறுபடி புரட்டினேன். மாற்கு முதல் அதிகாரத்திலேயே ஒன்று இருக்கிறது. கப்பர்நகூமில் முந்தின நாள் சாயங்காலம் ஊரே வாசலில் கூடி, ஏகப்பட்ட வியாதியஸ்தர் சொஸ்தமாகியிருக்கிறார்கள். மறுநாள் இருட்டோடு எழுந்து அவர் ஆளில்லாத இடத்துக்குப் போய்விடுகிறார். சீமோன் தேடிக் கண்டுபிடித்து, எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். எந்த ஊழியக்காரரும் கேட்க ஆசைப்படுகிற வாக்கியம்! அவர் திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். அந்த முடிவு இருட்டில் தனியே இருந்தபோது எடுத்ததாக இருக்க வேண்டும். ஜனங்களின் நடுவில் இருந்திருந்தால் ஜனங்கள்தான் முடிவெடுத்திருப்பார்கள்.

லூக்கா சொல்வது இன்னொன்று. மலையில் இரவு முழுக்க ஜெபித்துவிட்டு, பொழுது விடிந்ததும் சீஷர்களில் பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுக்கிறார். பன்னிரண்டாவது பெயர் யூதாஸ்காரியோத்து. முழு இரவு ஜெபம் பண்ணினால் எல்லாம் நமக்கு அனுகூலமாக முடியும் என்று பிரசங்கிக்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டுவார்கள். கெத்செமனேயில் இன்னும் கடினம். அங்கே அவர் சீஷர்களைவிட்டுக் கல்லெறி தூரம்தான் விலகிப் போனார். தனியே இருக்கவும் வேண்டும், ஆட்கள் பக்கத்தில் இருக்கவும் வேண்டும். ஆட்கள் தூங்கிப்போனார்கள். கேட்டது நீங்கவும் இல்லை.

இதையெல்லாம் எழுதும்போது என் வீட்டுக்காரி ஒரு கேள்வி போட்டாள். "மலைக்குப் போனாரு, வனாந்தரத்துக்குப் போனாரு, சரி. நான் காலையில நாலு மணிக்குக் கதவச் சாத்திக்கிட்டா காப்பி யார் போடுவா?" நியாயம்தான். தனி ஜெபத்தைப் பற்றி எழுதினவர்களில் பெரும்பாலோர் சோறு பொங்க வேண்டியிராத ஆண்கள். சாமுவேலின் முதல் புத்தகத்தில் அன்னாள் சீலோவின் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல் ஜெபிக்கிறாள். ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிடுகிறான். சத்தமில்லாத ஜெபத்தை அடையாளம் தெரியாதவராகக் குருவானவரே இருந்தார் என்பது வேதாகமத்தில் எனக்குப் பிடித்த குறும்பு.

ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா 19 பிள்ளை பெற்றவர். வீட்டில் தனி அறைக்கு ஏது வழி? சமையல் ஏப்ரனைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொண்டால் அம்மா ஜெபிக்கிறாள், கூப்பிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம், அப்படிச் சொல்லப்படுகிறது. நம் பெண்களுக்கு இது புதிதில்லை. முந்தானையை இழுத்து முக்காடு போட்டால் அது அவர்கள் கூடவே எடுத்துப் போகிற அரங்கு வீடு. பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பார்த்திருக்கிறேன். பாரிசில் கார்மேல் மடத்தின் சமையற்கட்டில் வேலை செய்து 1691இல் இறந்த சகோதரர் லாரன்ஸ் என்பவரின் பேச்சையும் கடிதங்களையும் இன்றும் அச்சடித்து விற்கிறார்கள். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் முழங்காலில் இருப்பதுபோலவே ஆண்டவரோடு இருக்கலாம் என்பது அவர் கண்டது. என் வீட்டுக்காரி அதை வாசித்துவிட்டு, "இதுக்கு ஒரு புஸ்தகமா?" என்றாள்.

தனி ஜெபம் வேறு, தனிமை வேறு. இப்போது எங்கள் ஊரில் இரண்டாவதுதான் அதிகம். பிள்ளைகள் சென்னையில், துபாயில், டெக்ஸாஸில். இங்கே மூன்று மாடி வீட்டில் ஒரு ஆளோ இரண்டு ஆளோ. குடும்ப ஜெபம் வாட்ஸ்அப் வீடியோவில் நடக்கிறது, நெட் கட்டானால் பாட்டின் இரண்டாவது சரணத்தில் நின்றுபோகிறது. இவர்களிடம் போய் ஏகாந்தத்தின் மகிமையைப் பிரசங்கிக்க எனக்கு வாய் வராது. டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்தின ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் இருட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் ஒரே அறையோடு முடங்கியிருந்தார். அந்த அறையிலிருந்து புத்தகங்கள் எழுதினார், ஜெபித்தார், பார்க்க வந்தவர்களிடம் பேசினார். தாமே தேடிக்கொண்ட தனிமை இல்லை அது. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போய் நின்றபோது அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது, அடைபட்ட ஒரு அறைக்குள்ளிருந்து அந்த அம்மாள் எத்தனை பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அறைவீட்டுக்குள் போய்க் கதவை அடைக்கச் சொன்ன அதே மூச்சில், சில வசனங்கள் தள்ளி, இயேசு ஒரு ஜெபத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். நாங்கள் 'பிதாவே' என்போம், கத்தோலிக்கர் 'தந்தையே' என்பார்கள். இரண்டிலும் அதற்கு முன்னால் 'எங்கள்' இருக்கிறது. 'என்' இல்லை. பூட்டின கதவுக்குள் ஒற்றை ஆளாக நிற்கிறவன் எதற்காக 'எங்கள்' என்று சொல்ல வேண்டும்? அறுபது வருஷம் இதைத் தினமும் சொல்லியும் எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை. வவ்வாலைப் பார்த்து நான் சொன்ன 'எங்களை'க்கும் ஆச்சி தெருவெல்லாம் நடந்து சொன்ன பெயர்களுக்கும் உள்ள தூரம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

பழைய வீட்டை இடித்துக் கட்டியாயிற்று. நாலு படுக்கையறை, நாலுக்கும் கதவு, எல்லாவற்றிலும் வைஃபை. நான் போய் உட்காருவது அடுக்களைக்குப் பின்னால் இருக்கிற ஸ்டோர் ரூமில். அரிசி மூட்டை, காலி கேஸ் சிலிண்டர், உறுமிக்கொண்டே இருக்கிற இன்வெர்ட்டர். ஒரு நாள் வாய்க்கிறது, மூன்று நாள் மணி பார்க்கிறேன். தெருவில் பெயர் தெரியாத வீடுகள் இன்னும் நாலு பாக்கி.

ஸ்தோத்திரப் பண்டிகை வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை புதுச் சார்ட் ஒட்டிவிட்டார்கள். இரண்டு மணிக் கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். மூன்று மணிக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. யாருக்காவது தூக்கம் வராவிட்டால் சொல்லுங்கள்.